பூஜ்யத்தைத் தொட்ட கோடு

ரோஸ்விதா: ...பேசிக்கிட்டே இருங்க தலைவரே. நிறுத்தினா தூங்கிடுவீங்க.

கெப்ஹார்ட்: சரிஞ்சு வந்த பனி நெஞ்சு வரைக்கும் இறுகிக் கிடக்கு. எதைப் பேச? முதல்ல ஃபோனை உள்ள வை. யாரையும் கூப்பிடாதே. நாளைக்கு விழா இருக்கு.

ரோஸ்விதா: சரி. விழா உரையைச் சொல்லுங்க, நான் தோண்டறேன்.

கெப்ஹார்ட்: "பெருமதிப்பிற்குரிய ஊர் மக்களே..."

ரோஸ்விதா: வரப்போற முப்பது பேருக்கு இவ்ளோ பெருமதிப்பா? ம், மேல...

கெப்ஹார்ட்: "நூறு ஆண்டுகளாகப் பனிச்சரிவு நம்மவர்களை விழுங்கியது. என் தலைமையில், வரைபடத்தில் சாவுக் கோடு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது..."

ரோஸ்விதா: உங்க தலைமையிலயா? அப்போல்லாம் வீட்டோட புதைஞ்சாங்க. ஒரே குளிர்காலத்துல பதினோரு பேர். உங்க அப்பா காலத்துல மலை மேல பனியைத் தடுக்க இரும்பு வேலி போட்டாங்க, சாவு நின்னுச்சு.

கெப்ஹார்ட்: அப்பாவும் நானும் ஒரே கட்சிதான்.

ரோஸ்விதா: அது வீட்டுச் சாவுக் கோடு. பனிச்சறுக்குப் போறவங்களோட கோடு இன்னொண்ணு இருக்கே. அது முப்பது வருஷமா இறங்கவே இல்ல.

கெப்ஹார்ட்: அதை வரைபடத்துலேருந்து எடுக்கச் சொல்லிட்டேன். தானா தேடிப் போய்ச் சாகறவங்க... ஊருக்கு என்ன?

ரோஸ்விதா: அப்ப நாம?

கெப்ஹார்ட்: நாம ஊர்க்காரங்க. நமக்கு மலை தெரியும்.

ரோஸ்விதா: மலைக்கு நம்மைத் தெரியல போல. விரலை அசைங்க.

கெப்ஹார்ட்: விரலா... இருக்கும். ரோஸ்விதா, அந்தப் பனித்தூள் இன்னும் மிதக்குது பாரு. வெயில் பட்டு... நாமதான் மெல்ல மேல போற மாதிரி இருக்கு.

ரோஸ்விதா: போகாதீங்க. கால் ரெண்டும் இன்னும் உள்ள இருக்கு.

கெப்ஹார்ட்: குளிரே இல்ல. கதகதன்னு இருக்கு. குளிர்ச் சட்டையைக் கழட்டிடட்டா?

ரோஸ்விதா: கழட்டினா இந்த மண்வாரியாலயே போடுவேன். உரை... எங்க விட்டீங்க?

கெப்ஹார்ட்: "எச்சரிக்கையை மீறி மலையேறும் முட்டாள்களைப் பற்றி..." இந்த இடத்துல கைதட்டுவாங்க.

ரோஸ்விதா: நல்லாவே தட்டுவாங்க.

கெப்ஹார்ட்: கேக்குதா... டும் டும்னு. நம்ம ஊர் வாத்தியக் குழு. ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாங்க.

ரோஸ்விதா: அது ஹெலிகாப்டர்.

கெப்ஹார்ட்: ...கூப்பிடலன்னு சொன்னியே.

ரோஸ்விதா: சரின்னுதான் சொன்னேன். பெருமதிப்பிற்குரியன்னு நீங்க கண்ணை மூடினப்போ தகவல் அனுப்பிட்டேன்.

கெப்ஹார்ட்: எந்த மலைச்சரிவுன்னு கேட்டிருப்பாங்களே... என்னன்னு சொன்ன?

ரோஸ்விதா: காலையில பனிச்சரிவு அபாயம் நாலாம் நிலை, யாரும் போகக் கூடாதுன்னு நான் எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டு, ரெண்டு பேருமா கயிறு கட்டி மூடிட்டு, அந்தக் கயித்துக்கு அடியில குனிஞ்சு சறுக்க வந்தோமே... அந்தச் சரிவுன்னு.