பேர் போடாத ரெண்டு பக்கம்

அந்த உறைய ஒட்டாதீங்க எட்கர். முதல்ல கஞ்சியக் குடிங்க, ஆறுது. உங்க கட்டுரையக் குதறி, பேர் போடாம ரெண்டு பக்கம் எழுதின முட்டாள் யாருன்னு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிக் கேட்டா, அவரு சொல்லிருவாரா? அச்சுக்கு முன்னாடி கட்டுரையப் படிச்சு மதிப்புச் சொல்றவங்க பேர எந்தப் பத்திரிகையும் வெளிய விடாது. நீங்களே எத்தனை பேர அப்படி மறைஞ்சிருந்து கடிச்சிருக்கீங்க.

நான் எங்க சிரிச்சேன்? சரி, கொஞ்சம்.

யாரு உங்கள ஹாலந்துக்கு அனுப்பச் சொன்னா? இங்க எடின்பரோவுல நம்ம விஞ்ஞானச் சங்கத்துப் பத்திரிகை இல்லையா? கடுதாசியக் கூட்டத்துல வாசிச்சு அச்சுப்போட்ட காலத்துலருந்து நடக்குது. ரெண்டு வருஷம் இழுப்பாங்க, ஒத்துக்கறேன். யுத்தம் முடிஞ்ச கையோட அந்த ஹாலந்துப் பதிப்பகத்துக்காரர் வந்தாரு, ஓட்டல்ல வாத்து வாங்கிக் குடுத்தாரு, புதுப் பத்திரிகை, ஆறே மாசத்துல அச்சுன்னாரு. நீங்க விழுந்துட்டீங்க. வாத்து தின்னவங்க கட்டுரைய அப்படியே போட்டுருவாங்கன்னு நெனப்பு.

தெரியும்ங்க. இது அச்சுல வரலைன்னா பேராசிரியர் பதவி கெடைக்காது. அதனாலதான் சொல்றேன், அந்தாளு கேட்டது நியாயம். நீங்க பாசி வளத்த ஈர ஜாடியெல்லாம் தெக்கு ஜன்னலோரம், காஞ்ச ஜாடியெல்லாம் உள்சுவரோரம். பாசி ஈரத்துல வளந்துச்சா, வெளிச்சத்துல வளந்துச்சா? ஜாடிய இடம் மாத்தி மறுபடி வச்சுப் பாருங்க, போட்டுருவாங்க.

எழுதினது அந்தக் கேம்பிரிட்ஜ் தாடிக்காரரா? இருக்கும், இருக்கும். மண்டை உள்ள ஆளுன்னு நீங்களே நேத்து முணுமுணுத்தீங்க. ராத்திரி உங்களுக்குத் தூக்கமும் இல்ல.

இதே கேள்விய கிறிஸ்துமசுக்கு முன்னாடி இதே மேசையில நான் கேட்டேன். ம்-ன்னீங்க. பேப்பர்லருந்து தலையத் தூக்கல. ஞாபகம் இருக்காது, விடுங்க.

கட்டுரையில ஜன்னலப் பத்தி ஒரு வரி இல்லையே, அவனுக்கு எப்படித் தெரியும்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. அந்த ஜன்னலத் தொடைக்கறது யாரு?

நம்ம சங்கமா இருந்தா இப்படி ஆயிருக்காது. யாரு யாரைக் கட்டியிருக்கான்னு அங்க எல்லாருக்கும் மனப்பாடம். ஹாலந்துக்காரங்களுக்கு என்ன தெரியும்? பாசிக் கட்டுரைன்னா மிஸ் ட்ரெமெய்னுக்குத்தான் அனுப்புவாங்க. நான் இன்னும் கல்யாணத்துக்கு முந்தின பேர்லதானே எழுதறேன்.

உங்க கட்டுரை எங்கிட்ட வந்ததும் திருப்பி அனுப்பணும்னுதான் எடுத்தேன். அப்புறம், இந்த ஒரு தடவையாவது நான் சொல்றத கடைசி வரைக்கும் கேப்பீங்களேன்னு தோணுச்சு.

அந்த ஆரஞ்சு ஜாமக் கொஞ்சம் தள்ளுங்க.