பின்னந்தலை

– நேத்துதான் தம்பி உங்க கடையில வாங்குனேன். ஒரே நாள்ல கேமராவுக்குக் கண்ணு மங்கிடுமா?

– பதட்டப்படாதீங்கண்ணே. புதுசா வாங்குறவங்க எல்லாரும் கேக்குற கேள்விதான். எதைப் படம் எடுக்குறீங்க?

– என் வீட்டுக்காரியோட பின்னந்தலைய.

– பின்னந்தலையா?

– நான் முடிவெட்டுறவன் தம்பி. வெட்டுனதத்தானே காட்டணும்? வெளியூர்ல ஒரு பெரிய சலூன், பயிற்சிக்கு ஆள் எடுக்குறாங்க. பொம்பளைங்களுக்கு வெட்டுன தலை ஒன்ன, பின்பக்கமா, முடி முடியாத் தெரியுற மாதிரி எடுத்து அனுப்பணும். இன்னைக்கு சாயங்காலத்தோட கடைசி. போன்ல எடுத்தா வாங்க மாட்டாங்களாம்.

– என்னங்க, கழுத்து விட்டுப் போச்சு. இன்னும் எவ்வளவு நேரம் இப்படி?

– கொஞ்சம் பொறு மகாராணி. போன ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கேமராக் கடைத் தம்பி சிரிக்கப் போறாரு.

– இருக்கட்டும் அக்கா. அண்ணே, லென்ஸத் திருகித் திறந்தீங்களா?

– காலையிலயே. அது தெரியாம கருப்புத் திரையையே ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தேன், அது தனிக் கூத்து.

– சரி. படத்துல எது தெளிவா விழுது?

– எதிர்க் கண்ணாடியில இவ மூஞ்சி. நெத்தியில இருக்குற பருகூடத் தெரியுது. தலைதான் ஒரே புகை.

– பருவைப் பத்தி ஊரெல்லாம் தண்டோரா போடுங்க!

– ஆங், புரிஞ்சுடுச்சு. அது தானா மூஞ்சியத் தேடிப் பிடிக்கும் அண்ணே. பின்னந்தலையில மூஞ்சி ஏது? கண்ணாடியில இருக்குறதப் பிடிச்சுக்கிச்சு.

– மிரர்லெஸ்ஸு, கண்ணாடி இல்லாத கேமரான்னு சொல்லித்தானே வித்தீங்க?

– கேமராவுக்குள்ள இல்லண்ணே. உங்க கடையில இருக்கே!

– அதுவும் சரிதான். இப்ப என்ன செய்ய?

– மெனுவுல போய் முகம் தேடுறத நிறுத்திடுங்க. சின்னக் கட்டம் ஒன்னு வரும், அத நகத்தி முடி மேல வைங்க. பட்டனப் பாதி அழுத்துனா கட்டம் பச்சையாகும். அப்புறம் முழுசா அழுத்துங்க.

– இரு... இரு... பச்சை வந்துடுச்சு. எடுத்துட்டேன். ஐய, இப்ப கண்ணாடியும் மங்கிடுச்சு, தலையும் மங்கித்தான் கிடக்கு.

– எப்படி மங்கல்? பஞ்சு மாதிரியா, இழுத்து விட்ட மாதிரியா?

– இழுத்து விட்ட மாதிரி.

– அப்ப கை ஆடுது.

– யார் கை? காதோரம் கத்தி பிடிக்குற கை தம்பி இது. ஆடுச்சுன்னா பாதி ஊருக்குக் காது இருக்காது.

– கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒரு ஸ்டூல் மேல வெச்சு, ரெண்டு செகண்ட் டைமர் போட்டுப் பாருங்க.

– வெச்சாச்சு. ஏய், அசையாத. டிக்கு டிக்குன்னு சத்தம் வரும், பயந்துடாத.

– நான் எதுக்குப் பயப்படப் போறேன்?

– எடுத்துடுச்சு... அட போப்பா. அதே இழுப்பு.

– இதுல போனா மூணு மாசம் அங்கயே தங்கணும்ல?

– ஆமான்னு நேத்தே சொன்னேனே.

– அதுவரைக்கும் கடை?

– பூட்டித்தான்.

– நானு?

– உங்க அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இரேன்.

– கேமராவுக்கே உங்கள அனுப்ப மனசில்ல போலிருக்கு. விட்டுடுங்களேன்.

– அண்ணே, ஷட்டர் வேகத்தக் கூட்டிப் பாப்போம். மேல இருக்குற டயல எஸ்ஸுங்குற எழுத்துக்குத் திருப்பி, ஐந்நூறு வைங்க.

– ஐந்நூறு... டிக்கு டிக்கு... தம்பி, கரி பூசுன மாதிரி வந்திருக்கு. எது தலை, எது சுவருன்னே தெரியல.

– உள்ள வெளிச்சம் கம்மி போல. ஐஎஸ்ஓவக் கூட்டணும்.

– அது எங்க இருக்கோ! பேட்டரி வேற சிவப்பாயிடுச்சு.

– காலையில இருந்து திரைய அணைக்காம வெச்சிருந்தா அப்படித்தான் அண்ணே குடிக்கும். ஒன்னு ரெண்டு படம்தான் தாங்கும்.

– போச்சுடா.

– அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஓடுற கடையப் பூட்டிட்டு, இந்த வயசுல எதுக்குப் பயிற்சி?

– எனக்கா தம்பி? இவளுக்கு.

– என்னது?

– நீ திரும்பாத, முடி கலையும். தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி இவ தெருப் பொண்ணுங்களுக்கெல்லாம் வெட்டி விடுவா. என்னவிட சுத்தமான கை. என் கடையில ஆம்பளைக் கூட்டம், இவ நிக்க வழியில்ல. இவளையே எடுத்துக்கோங்கன்னுதான் கேட்டேன். சொந்தக் கடை வெச்சிருக்குறவங்களத்தான் எடுப்பாங்களாம். அதான் நான் போய்க் கத்துக்கிட்டு வந்து இவளுக்குச் சொல்லித் தரலாம்னு. கடைக்கு நடுவுல ஒரு தடுப்பு வெச்சா, அந்தப் பக்கம் இவ ராஜ்ஜியம்.

– இத ஏங்க எங்கிட்ட சொல்லல?

– கிடைச்சா சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆசை காட்டிட்டு இல்லன்னு ஆயிட்டா, உன் மூஞ்சிய யார் பாக்குறது?

– தடுப்பு வெச்சா வெளிச்சம்?

– தெருப் பக்கத்து ஜன்னல் உனக்கு.

– ம்.

– என்ன, ம்?

– நேரமாச்சுல்ல. எடுங்க.

– அண்ணே, ஐஎஸ்ஓவத் தேட வேணாம். டயல முன்ன இருந்த இடத்துக்கே திருப்பிடுங்க. கடைசியா ஒன்னு எடுத்துப் பாருங்க, வரலன்னா கேமராவோட கடைக்கு வந்துடுங்க.

– சரி தம்பி. திருப்பிட்டேன். கட்டம் முடி மேல. பச்சை. டைமர் ஓடுது... டேய் தம்பி!

– என்ன, அணைஞ்சுடுச்சா?

– விழுந்துடுச்சுய்யா! அடுக்கடுக்கா, முடி முடியா! கழுத்தோரத்துல சீவுன கோடுகூடத் தெரியுது!

– எதை மாத்துனீங்கண்ணே? நாளைக்கு வேற யாராவது கேட்டா சொல்லலாம்ல.

– ஒன்னையும் மாத்தல. அதே இடம், அதே டைமர்.

– அப்படின்னா எனக்கே விளங்கல. சரி, முதல்ல அனுப்புங்க. போய்ட்டு வந்து கடை திறக்குறப்ப என்னையும் கூப்பிடுங்க. அக்கா, வெச்சிடறேன்.

– நல்லா இருங்க தம்பி.

– பாரேன்! அத்தனை தடவ மொரண்டு பிடிச்சது, கடைசியில எப்படித்தான் வழிக்கு வந்துச்சோ.

– இந்தத் தடவ நான் தலைய ஆட்டலங்க.