வாசலுக்கு உள்ளே எட்டு

என் கையிலுள்ள தாளின் நீளத்தைப் பார்த்தும் பதறாமல் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் கிருஷ்ணப்பன் அவர்களே! ஏரியூரிலிருந்து மாங்காய் ஏற்றி வந்த பெரியோர்களே! பழம் நறுக்கி நறுக்கிக் கையெல்லாம் மஞ்சளாகிப்போன தாய்மார்களே! வாயிற்காவலன் மாதேஸ்வரன் வணங்குகிறேன். அறுபத்து மூன்று வயதில் எழுத்துக் கற்றவன், நான்கு நாள் உட்கார்ந்து இதை எழுதினேன். முன்வரிசையில் ராணியம்மாள், "மெதுவாவே படிங்க, வூட்ல அடுப்பு ஒண்ணும் எரியல" என்கிறார். நன்றி, அம்மா.

நான் கண்ட அதிசயத்தைச் சொல்ல வந்தேன்.

இந்த எண்பத்தொன்பதாம் ஆண்டில் நம் மாம்பழக் கூழ் ஆலைக்கு நான்கு கம்ப்யூட்டர்கள் வந்தன. எடைமேடை, குடோன், அலுவலகம், மேலாளர் அறை. நான்கையும் ஒரே கம்பியில் கோத்தவர், தருமபுரியில் பிறந்து பொறியியல் படித்த வஹிதா. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் அரிசி அளவுப் பொத்தான்களைத் தள்ளித் தனித்தனி எண் வைத்தார். வெளியே சீட்டும் ஒட்டினார். அந்த எண்ணைக் கொடுத்தது யார்? டெல்லியா? சென்னையா? இல்லை, நாமே கொடுத்தோம்! அரூர் ஆலையிலும் அதே எண் இருந்தால் சண்டை வராதா என்று வஹிதாவிடம் கேட்டேன்.

"உங்க வூட்ல பாப்பான்னு கூப்பிட்டா அரூர்ல இருக்கற பாப்பாவா ஓடியாரும், தாத்தா? ஒரே வூட்ல ரெண்டு பாப்பா இருக்கக்கூடாது. அவ்வளவுதாங்க."

கம்ப்யூட்டர்களின் திறப்பு நாள் வந்தது. சாலையில் ஒன்பது லாரிகள். வெயிலில் பழம் குழைகிறது. முந்தின நாள் பேசிய கம்ப்யூட்டர்கள் அன்று ஊமை! பன்னிரண்டு மணிக்குள் பேசாவிட்டால் நான்கையும் கட்டி, வாங்கி வந்த சேலத்துக்கே அனுப்பிவிடுவதாக மேலாளர் சொன்னார். இதோ தலையாட்டுகிறார், சொன்னது உண்மைதான். வஹிதா கம்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். மணி பதினொன்றரை.

படிக்கத் தெரிந்த நாள் முதல் நான் எதையும் படிக்காமல் கடப்பதில்லை. பஸ் பலகை படிப்பேன். சோப்பு உறை படிப்பேன். தீப்பெட்டி படிப்பேன். குடோனில் படித்தேன்: ஐந்து. எடைமேடையில் படித்தேன்: ஐந்து! ஓடினேன்.

"அம்மா, ஒரே வூட்ல ரெண்டு பாப்பா இருக்குதுங்க."

எடைமேடை எழுத்தர் சென்றாயன் தலைகுனிந்தார். தமக்கு வந்த எட்டுக்குப் பயந்து, குடோனில் வஹிதா வைத்ததைப் பார்த்து, அதுபோலவே முந்தின இரவு பொத்தானைத் தள்ளி, சீட்டையும் மாற்றியிருக்கிறார்.

"எட்டு சனிங்க. புள்ளகுட்டிக்காரன், அதுங்கூட எப்படிங்க உக்காருவேன்?"

வஹிதா கோபப்படவில்லை. இருநூறுக்கு மேல் எண் இருக்கிறது, வேறு தருகிறேன் என்றார். நான் என் சட்டையில் குத்தியிருந்த, எட்டு என்று பொறித்த பித்தளை வில்லையைக் காட்டினேன்.

"பதினெட்டு வருசமா நான் எட்டு. என்ன கெட்டுப்போச்சு? சம்பந்தி சண்டை ஒண்ணுதான். அதும் இந்த வேலைக்கு வர்றதுக்கு முந்தியே வந்துது."

சென்றாயன் சிரித்துவிட்டார். தம் கையாலேயே எட்டைத் திரும்ப வைத்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, எடைமேடையில் தட்டிய எடை அலுவலகத் திரையில் பச்சையாய் எழுந்தது. முதல் லாரிக்கு வாயிலைத் திறந்தவன் நான்!

பெரியோர்களே, ஊர் அறியாத எண்; உலகம் அறியாத எண்; ஆனால் இந்த மதிலுக்குள் அழைத்தால் ஒருவர் மட்டுமே திரும்பும் எண்! இதைவிட வியப்பு உண்டா? முன்பு இந்த வில்லையை வெறும் பித்தளை என்று நினைத்தேன். இன்று துடைத்துக் குத்திக்கொண்டு வருகிறேன்.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி. வாசலுக்கு வெளியே மாதேஸ்வரன். வாசலுக்கு உள்ளே எட்டு. இருவரும் சேர்ந்து கைகூப்புகிறோம், வணக்கம்!