சாம்பார்ப் பொடிக்கு நன்றி

எழுபதுகளில் ஒரு காலை, மெல்பேர்னில், கிளேட்டன் பகுதியிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு மாணவர்கள். பேச்சிலேயே ஒருவர் யாழ்ப்பாணம், மற்றவர் மதுரை என்று தெரிந்தது. யாழ்ப்பாணத்தவர் மடியில் டைப் அடித்த தாள்கட்டு.

“என்ர ஆய்வில உன்ர சாம்பார்ப் பொடிக்கு நன்றி சொல்லியிருக்கிறன், மச்சான்.”

“பொடிக்கா? எதுக்குடா?”

“கொடுக்கல் வாங்கல் உள்ள நாடுகள் லேசில சண்டை பிடிக்காது எண்டுதானே எழுதினனான். நாங்கள் கோவிச்சுக்கொண்டு கதைக்காம இருந்தமே, உன்னட்டப் பொடி, என்னட்டப் பருப்பு. மூண்டாம் நாளே சமாதானம்!”

மதுரைக்காரர் சிரித்தார். “பொடி தீர்ந்து ரெண்டு மாசமாச்சு. இன்னும் ஒண்ணாத்தானே சமைக்கிறோம்?”

யாழ்ப்பாணத்தவர் தாள்கட்டைப் பிரித்தார்.

“ஓம். அதுக்கு என்ர ஆய்வில விளக்கமில்லை. பேனையைத் தா, பொடியை வெட்டிப்போட்டு உன்ர பேரை எழுதுறன்.”