பதினான்காம் எண் இணைப்பு

தையல் கம்பெனியில் ஒருவரைக் கூப்பிடுவது அவ்வளவு சுலபமில்லை, சார். இருநூற்று நாற்பது மெஷின் ஓடும் கூடத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதே காதில் விழாது. ஆபீஸிலிருந்து யாராவது வந்து, தேடி, தோளைத் தட்டிக் கூட்டிப்போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆபீஸ் போனை ஸ்பீக்கரோடு சேர்க்கலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். யோசனை என்னுடையது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சாமிநாதன். அங்கே பதினோரு வருடமாக எலெக்ட்ரீஷியன். மணவூரிலிருந்து காலை ரயிலில் திருத்தணி வந்து, ஆர்.கே.பேட்டை பஸ் பிடித்து கம்பெனி வாசலில் இறங்குவேன். ஒரு நாளும் தாமதமானதில்லை.

வேலை பெரிதல்ல. போன் பெட்டியிலிருந்து ஒரு இணைப்பை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க வேண்டும். நேராகக் கொடுத்தால் இரைச்சல் வரும். நடுவில் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்று வைத்தால் குரல் சுத்தமாக இருக்கும். எந்தப் போனிலும் முப்பதை அழுத்திப் பேசினால் கூடத்தின் பன்னிரண்டு ஸ்பீக்கரிலும் கேட்கும். ஆபீஸ் அறைக்குள் மட்டும் ஸ்பீக்கர் வைக்கவில்லை. போனும் ஸ்பீக்கரும் ஒரே அறையில் இருந்தால் ஊளையிடும்.

முதலில் பேசியது ஆபீஸ் கிளார்க் கோமளவல்லி. "தணிகைமணி, எங்க கீற? மேனேஜர் உன்ன தேடிகினு கீறாரு" என்றாள். கூடமே சிரித்தது. தணிகைமணி ஸ்டோர் பார்க்கிற பையன், இருபத்தாறு வயது. அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் வருவதெல்லாம் கம்பெனி உத்தரவு என்று ஆகிவிட்டது. யார் கூப்பிடுகிறார்கள், எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. "அனிதா, ஸ்டோர் ரூமுக்கு வரவும்" என்று நான் கூப்பிட்டபோதும் கேட்கவில்லை.

அனிதா மூன்றாவது வரிசையில் காலர் தைப்பவள். அவள் அப்பா வீராசாமி அதே கூடத்தில் துணி வெட்டும் மேஜையில் நிற்பவர். செவ்வாயும் வெள்ளியும் தணிகைமணி லாரியோடு போய்விடுவான். மெயின் போர்டு ஸ்டோருக்குள் இருப்பதால் ஒரு சாவி என்னிடமும் இருந்தது. கூப்பிட்ட குரல் எல்லோருக்கும் கேட்டிருக்கும்; அதனால் அவளால் வராமல் இருக்க முடியாது. ஒருமுறை அவள் எழுந்திருக்கவில்லை. வீராசாமியே போய்ச் சொன்னார்:

"கூப்டறாங்க இல்ல, போம்மா. இன்னா உக்காந்துகினு கீற?"

"போறேன் நைனா" என்று எழுந்து வந்தாள்.

ஏழு முறை கூப்பிட்டேன். அங்கே என்ன நடந்தது என்று கோமளவல்லி உங்களிடம் எழுதிக்கொடுத்திருக்கிறாள். அதில் தவறு எதுவும் இருக்காது. அனிதா அவளிடம் சொன்னதுதானே, அந்தப் பெண் பொய் சொல்லமாட்டாள்.

அனிதா அவளிடம் சொல்லிவிட்டாள் என்பது எனக்கு ஒரு திங்கட்கிழமை தெரிந்தது. லைன் சரிபார்க்கும் ரிசீவர் ஒன்று என் அறையில் உண்டு. எந்த இணைப்பில் மாட்டினாலும் பேச்சு கேட்கும். கோமளவல்லியின் போன் பதினான்காம் எண். கம்பெனிப் பெண் ஒருத்தி விஷயமாகப் பேச வேண்டும் என்று திருவள்ளூரில் பெண்கள் புகாரைக் கவனிக்கும் அதிகாரியை அவள் கேட்டாள். "புதன்கிழமை பதினோரு மணிக்குப் பேசுங்க, மேடம் இருப்பாங்க" என்றார்கள்.

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம், சார். ஒரு பெண்ணைப் பெற்றவன் பேர் கெடக்கூடாது. உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினான்காம் எண்ணிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு ஒயர் இழுத்தேன். நடுவில் ஒரு சுவிட்ச். அரைமணி நேர வேலை.

புதன்கிழமை கோமளவல்லி ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நான் சுவிட்சைப் போட்டேன்.

"மேடம், அந்தப் பொண்ணு பேரு அனிதா. மூணாவது லைன்ல தைக்கறா. ஸ்டோர் ரூமுக்குக் கூப்ட்டு கூப்ட்டு அவள..."

மீதியையும் சொன்னாள். ஒளிக்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாத்திய அறையில் ஒரு அதிகாரியிடம் சொல்வதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. என் அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அனிதா தலையைத் தூக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மெஷின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

கடைசியில் அதிகாரி கேட்டார்: "யாரும்மா அது? பேரு சொல்லுங்க."

அந்தக் கேள்வி பன்னிரண்டு ஸ்பீக்கரிலும் கேட்டது. அந்த இடத்தில் சுவிட்சை அணைத்தேன். போன் லைனையும் பிடுங்கிவிட்டேன். கோமளவல்லி உள்ளே 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். அந்தப் பெயரை அவள் சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

கூடத்தில் எல்லோருக்கும் ஸ்டோர் ரூம் என்றால் ஒருவன்தான். அனிதாவைக் கூப்பிட்ட நாட்களில் அவன் லாரியோடு போயிருந்தான் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. வீராசாமி கையில் துணி வெட்டும் பெரிய கத்தரி இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. புதன்கிழமை தணிகைமணி லாரியோடு போவதில்லை, ஸ்டோரில்தான் பட்டன் எண்ணிக்கொண்டிருப்பான் என்பது எனக்குத் தெரியும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"இன்னா பெரியவரே?" என்று அவன் கேட்டானாம். வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் அவனுக்குப் பேச நேரமில்லை. நான்கு நிமிடம் இருக்கும். கோமளவல்லி சத்தம் கேட்டு ஓடி வந்து, "அவன் இல்லைங்க, அவன் இல்லை" என்று கத்திவிட்டு அங்கேயே மயங்கி விழுந்தாள். மெயின் போர்டை அணைத்தது நான்தான். அந்த நேரத்தில் மெஷின் ஓடினால் யாருக்காவது கை போய்விடும்.

அதற்கப்புறம் இரண்டு நாள் கோமளவல்லி ஆஸ்பத்திரியில் பேசாமல் கிடந்தாள். அனிதா இன்றுவரை பேசவில்லை என்கிறீர்கள். வீராசாமி ஜெயிலில் இருக்கிறார். தன் மகளுக்கு நியாயம் செய்ததாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார், நீங்கள் போய் உண்மையைச் சொல்லும்வரை. சொல்லாமல் விட்டிருக்கலாம், சார். மனிதருக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை மாலை தணிகைமணியை எடுத்தார்கள். கம்பெனியிலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் மட்டும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். அவன் அம்மா கௌரியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஊரே தூத்துதுங்க. எம்புள்ள அப்படிப்பட்டவனாங்க?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அவன் தங்கமான பையன்" என்றேன்.

"நீங்க ஒருத்தர்தான் சாமி அப்படிச் சொன்னீங்க" என்று என் கையிலேயே முகத்தை வைத்து அழுதார்.

கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அந்த அம்மாவிடம் மட்டும் என் பெயரைச் சொல்ல வேண்டாம், சார். அவருக்கு ஆறுதலாக நான் ஒருவன்தான் இருக்கிறேன்.