இன்றைய திகதியிட்ட கோப்பு

உங்கள் கணினி அதிகம் கேள்வி கேட்கிறது, ஐயா. சற்று முன் நீங்கள் என் வாக்குமூலத்தைச் சேமித்தபோதுகூட, பழையதன்மேல் எழுதவா என்று ஒரு பெட்டி வந்து நின்றது. எனக்குப் பழக்கமான கருவி அப்படிக் கேட்பதில்லை. அதன் பெயர் எஸ்.சி.பி. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், இந்தக் கணினியிலுள்ள கோப்பு, இடையில் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி அந்தக் கணினிக்குப் போய்விடும். அங்கே அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருந்தால், சத்தமில்லாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

என் பெயர் சனூஸா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவேன். துறைமுகத்தடியிலுள்ள படகுச் சேவையொன்றின் கணினிப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும். நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்ச் என்ற விசைப்படகு எங்களுடையது. பின்னேரங்களில் ரிஷாத் சின்னப் படகில் போய்க் கடலின் ஆழத்தை அளந்து வருவார். நான் அதை வரைபடமாக்கி, காலையில் லோஞ்சிலுள்ள கணினிக்கு அனுப்புவேன். லோஞ்ச் ஓட்டும் ஜக்சன் அண்ணா அதைப் பார்த்துத்தான் பாதை பிடிப்பார்.

இந்த ஏற்பாட்டைச் செய்ய எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. திறப்பு விழாவுக்குப் பணிப்பாளர் பாக்கியரத்தினம் சேர் கோட்டுப் போட்டு வந்தார். புதிய கணினியோடு முதல் தடவை இணையும்போது மட்டும் எஸ்.சி.பி. ஒரு கேள்வி கேட்கும்: மறுமுனையில் இருப்பவரை நம்புகிறீர்களா? சேர் ஒற்றை விரலால் 'யெஸ்' என்று தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். முழு ஏற்பாட்டிலும் அவர் தட்டியவை அந்த மூன்று ஆங்கில எழுத்துகள்தான். பிறகு சுவரிலிருந்த திரைச்சீலையை விலக்கினார். உள்ளே சலவைக்கல்: 'வடிவமைத்து உருவாக்கியவர் திரு. பாக்கியரத்தினம்.'

நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, சும்மா நிக்காதீங்கோ. கேக் தட்டை எல்லாருக்கும் கொண்டு போங்கோ."

சேர் சொன்னபடி கொண்டு போனேன். கேக் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு கோப்புகள் எல்லாம் தன் பெயரிலேயே போகவேண்டும் என்றார். தன் கணினிக் கணக்கின் சாவியையும் கடவுச்சொல்லையும் என்னிடம் தந்தார். கடவுச்சொல் அவருடைய பெயர்தான். கணினிப் பதிவேட்டின்படி ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்குக் கோப்பை அனுப்புபவர் பணிப்பாளர். அந்த நேரத்தில் அவர் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருப்பார்.

நான் பொறுமையானவள். பதினொரு மாதம் எதுவும் செய்யவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெரிய விருந்தினர் வருவதாக இருந்தது. லோஞ்சின் முன்கண்ணாடியை மூடிவிட்டு, திரையை மட்டும் பார்த்து முழு வேகத்தில் ஓடிக் காட்டலாம் என்று சேர் தீர்மானித்தார். தானும் ஏறிப் பக்கத்தில் நிற்பாராம். கண்ணாடியை மறைக்க நீலத்தில் ஒரு துணி தைப்பித்தார், ஓரத்தில் பொன்னிற நூல் வேலையோடு.

அதற்கு முதல் நாள் பின்னேரம் ரிஷாத் அவசரமாக வந்தார். புயலில் கயிறு அறுந்துபோன, சரக்கேற்றும் இரும்புப் பார்ஜ் ஒன்று பாதையின் நடுவில் தாழ்ந்து கிடக்கிறது, அதன் விளிம்பு தண்ணீருக்கு ஒரு முழம் கீழே.

"சனூஸா, விடிஞ்சதும் முதல் வேலையா இதை அனுப்பிப்போடுங்கோ. மறந்தால் லோஞ்ச் கிழிஞ்சிடும்."

மறக்கமாட்டேன் என்றேன். அவர் லீவில் கந்தளாய்க்குப் போனார். நான் மறக்கவில்லை.

காலையில் போன வாரத்துக் கோப்பை அனுப்பினேன். கட்டளையில் ஒரு சிறுகோடும் பீ என்ற எழுத்தும் சேர்த்தால், கோப்பின் பழைய திகதியும் கூடவே போகும். சேர்க்காவிட்டால், போய்ச் சேர்ந்த நேரமே அதன் திகதியாகிவிடும். நான் சேர்க்கவில்லை. எங்கள் இடத்தில் கோப்பைத் திறந்து ஒப்பிடுவது வழக்கமில்லை. இன்றைய திகதி இருந்தால் சரி. அது சேர் போட்ட விதி. அன்றைக்கு மட்டும் அவரும் ஆறு மணிக்கே வந்து, துணியின் நூல் வேலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு விருந்தினரின் வாகனம் தாமதம் என்று செய்தி வந்தது. மாலையோடு நிற்க ஆள் வேண்டுமே. சேர் லோஞ்சிலிருந்து இறங்கினார்.

"ஜக்சன், நீர் தனிய ஒருக்கா ஓடிக் காட்டும். கமராக்காரர் எடுக்கட்டும்."

லோஞ்ச் இன்னும் இருபது நிமிடம் கட்டியிருந்தது. சரியான கோப்பை அனுப்பும் வரியைத் தட்டி வைத்துவிட்டேன். போய்ச் சேரப் பதினொரு விநாடி போதும். அப்போதுதான் யோசித்தேன். சேர் மூழ்கினால் அவருக்குச் சிலை வைப்பார்கள். சேர் கரையில் மாலையோடு நிற்க, அவர் பெயரில் போன கோப்பால் வேறொருவர் மூழ்கினால்? இரண்டாவது எனக்கு நியாயமாகத் தெரிந்தது. வரியை அழித்தேன்.

வயர்லெஸ்ஸில் ஜக்சன் அண்ணா கூப்பிட்டார்.

"தங்கச்சி, துணியைக் கட்டிப்போட்டாங்கள். முக்காடு போட்ட பொம்பிளை மாதிரி இருக்கிறன். புதுக் கோப்பு வந்திட்டுதோ?"

"திகதியைப் பாருங்கோ அண்ணா."

"ஓம், இண்டைய திகதிதான். அப்ப சரி. நீங்க இருக்கேக்க எனக்கென்ன பயம்."

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லோஞ்ச் மோதிய சத்தம், பக்கத்து வீட்டில் அலுமாரி சாய்ந்ததுபோல இருந்தது. ஜக்சன் அண்ணாவின் உடலைப் பின்னேரம்தான் எடுத்தார்கள். பதிவேட்டில் சேரின் பெயர் இருந்தது. ரிஷாத் சொன்னதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். கோப்பைத் தயாரிப்பது நான், அனுப்புவது எப்போதும் சேர் என்றேன். கடைசி நேரத்தில் அவர் லோஞ்சிலிருந்து இறங்கியதும் சந்தேகத்தோடு சேர்ந்துகொண்டது. தனக்குக் கணினி பற்றி ஒன்றுமே தெரியாது என்று அவர் அழுதாராம். கல்லில் எழுதியிருக்கிறதே என்று கேட்டார்களாம். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை, அதை யாரும் நம்பவில்லை.

அவர் விளக்கமறியலில் நான்கு மாதம். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஜக்சன் அண்ணாவின் மனைவி மாகிரட் அக்காவுக்கு உண்மை தெரியவேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

போன ஞாயிறு பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு எழுத்தை விட்டுவிட்டுக் கோப்பின் திகதியை மாற்றிய நுட்பம் ஒரு மேதையின் வேலையாம். பக்கத்தில் சேரின் படம், அதே கோட்டு. மூன்று தடவை வாசித்தேன்.

சொன்னதெல்லாம் சரி, ஐயா. கையெழுத்து வைக்கிறேன். அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். இரண்டாம் பக்கத்தில் 'பணிப்பாளரின் பெயரில் அனுப்பப்பட்டது' என்று இருக்கிறது. அதை வெட்டிவிட்டு, வடிவமைத்து உருவாக்கியவர் சனூஸா என்று போடுங்கள்.