நம்ம வூட்டுக்கே விருந்தாளி

காட்பாடியில் ரயில் ஏறி வாணியம்பாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பலகையில் வேலூர்த் தோல் மண்டி குமாஸ்தா ஒருவரும் அவர் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். மண்டிக்குப் பத்து நாள் லீவு, அவருடைய அக்கா வீட்டுக்குப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. திடீரென்று அந்த அம்மாள் சொன்னாள்:

"இந்த லீவுக்கு நம்ம வூட்டுக்கே விருந்தாளியா போலாங்க."

"இன்னா சொல்றே? ரயிலே ஏறிட்டோம்."

"வருசா வருசம் உங்க அக்கா வூட்டுல நீங்க தூங்கறீங்க, நான் மாவு அரைக்கறேன். எனக்கு எப்ப லீவு?"

"வூட்டுல இருந்து இன்னா பண்ணுவே?"

"எட்டு மணிக்கு எழுந்திருப்பேன். ஒரு நாள் பயாஸ்கோப்பு. ஒரு நாள் பாலாத்து மணல்ல கட்டுச்சோறு. ஒரு நாள் கோட்டை அகழியில முதலை பாக்கலாம்."

"அங்க முதலையே இல்லடி."

"இல்லாத முதலையைப் பாக்கறது உங்க அக்கா மூஞ்சியைப் பாக்கறதுக்கு மேல்."

பெட்டியே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குடியாத்தத்தில் வண்டி நின்றதும் அவள் மூட்டையோடு இறங்கிவிட்டாள். அவர் கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். ஜன்னலுக்கு வெளியே பேச்சு தொடர்ந்தது.

"அக்காவுக்கு இன்னான்னு எழுதறது?"

"உங்களுக்கு அம்மை போட்டிருக்குதுன்னு எழுதுங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

"எனக்கா? உனக்குன்னு எழுதினா இன்னா?"

"எனக்குன்னா, உங்கள மட்டும் வரச் சொல்லுவாங்க. நீங்களும் போய்டுவீங்க."